இருபத்து மூன்றாம் கேள்வி

மேற்குத் தாம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை இருக்கிறது. போர்டில் ஜெராக்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் என் தொழில் தட்டச்சு. காட்டாங்குளத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் பிள்ளைகள் தீசிஸ் அடிக்க என்னிடம் வருவார்கள். தமிழோ இங்கிலீஷோ, பிழையில்லாமல் இருக்கும் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கு முன்னால் பல வருஷம் நகரத்துக்குள் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன்.

அச்சகத்தை விட்டதற்குக் காரணம் குடி. விட்டேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்; போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் இருந்த நிலையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் காலையில் என் மனைவியும் அவள் அண்ணனும் என்னை ஆட்டோவில் ஏற்றி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று மாதம் அங்கே இருந்தேன். வெளியே வந்தபோது போவதற்குப் பழைய வீடு இல்லை. அவள் அதற்குள் இந்தப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை வாங்கி, சின்னதாக ஒரு வீடும் பார்த்து, சாமான்களை மாற்றியிருந்தாள்.

"இங்க நம்மள யாருக்கும் தெரியாது. தெரியவும் வேணாம்," என்றாள்.

ஆறு வருஷம் அப்படியே இருந்தோம். பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது தோளைத் தொட்டு மாடிக்குக் கூப்பிட்டால், "அல்சர்ங்க, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்பேன். அல்சர் என் குடும்பத்தில் ஓர் ஆள் மாதிரி எங்களோடு இருந்தது.

அந்த ஆறாவது வருஷம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதிய வேளையில் ஓர் ஆய்வு மாணவி கடைக்கு வந்தாள். உளவியலில் ஆய்வு செய்கிறவள், பல்லாவரத்துப் பெண். அப்பாவுக்குத் தோல் வியாபாரம். முன்பே இரண்டு முறை என்னிடம் வேலை கொடுத்திருக்கிறாள். இந்த முறை கையால் எழுதிய ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தாள். மொத்தம் நாற்பத்து இரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள் வர வேண்டும். 'கொஞ்சமும் பொருந்தாது' என்றால் ஒன்று, 'முழுக்கப் பொருந்தும்' என்றால் ஐந்து.

"இங்கிலீஷ்ல இருக்கிற ஸ்கேல் சார். தமிழ்ல கொண்டு வர்றோம். நாளைக்கு ஈவினிங் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தட்டச்சு செய்பவன் படிக்க மாட்டான். கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன். ஏழாவது வாக்கியத்தில் விரல் நின்றது. 'மது வேட்கையை ஆளும் ஆற்றல் என்னிடம் உள்ளது.'

அப்போதுதான் தலைப்பைத் திரும்பிப் பார்த்தேன். குடியிலிருந்து மீண்டு வருபவர்களுக்கான கேள்வித்தாள்.

முதல் ஆறையும் மறுபடி படித்தேன். பிறகு மீதி எல்லாவற்றையும் படித்தேன். எல்லாம் என்னைப் பற்றியது. ஆனால் ஒன்றுகூட என்னிடம் பேசவில்லை. அடித்து முடித்து ஒரு பிரதி எடுத்து, பழைய வழக்கப்படி பென்சிலை எடுத்தேன். ஏழாவதின் ஓரத்தில், 'எந்தக் குடிகாரனும் வேட்கை என்று சொல்ல மாட்டான். இழுக்குது என்பான்' என்று எழுதினேன். 'மது அருந்தத் தூண்டும் சூழல்களைத் தவிர்க்கிறேன்' என்ற வாக்கியத்தின் பக்கத்தில், 'எந்தச் சூழல்? மழையா, மாமனார் வீடா, ஞாயிற்றுக்கிழமையா? ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் பதில் வரும்' என்று எழுதினேன். பக்கம் முழுக்க அப்படி எழுதி நிரப்பினேன். யாருக்கும் காட்டுவதற்கு எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் வந்து, மேஜையில் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டு, பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது பென்சில் பிரதி. 

அடுத்த நாள் கடை திறந்ததும் வந்து நின்றாள். கையில் அந்தத் தாள்கள் இருந்தன.

"சார், இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தாம்மா. அழிக்க மறந்துட்டேன். வேற பிரிண்ட் தர்றேன்."

"பிரிண்ட் வேணாம் சார். இது உங்களுக்கு எப்படித் தெரியும்? சைக்காலஜி படிச்சிருக்கீங்களா?"

கடையில் ஒருவர் ஆதார் அட்டையை லேமினேட் செய்ய நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் செய்து கொடுத்து அனுப்பினேன். அதற்குள் பொய் ஒன்று தயாராகியிருக்க வேண்டும், அல்சர் மாதிரி. வரவில்லை. ஓரங்களில் இருந்தது என் கையெழுத்து. அதைப் பிழைதிருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நானும் குடிச்சவன்தாம்மா. அந்த மாதிரி இடத்துல மூணு மாசம் இருந்தேன். விட்டு ஆறு வருஷம் ஆச்சு. இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது."

அவள் பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது குரலைத் தாழ்த்துவாள் என்று. அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"ஏழாவது கேள்விய எப்படிக் கேட்டிருந்தா நீங்க உண்மையான பதில் சொல்லியிருப்பீங்க?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். கிளம்பும்போது சொன்னாள்: "எங்க மாமாவுக்கும் இருந்தது சார். எங்க வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. லிவர் பிராப்ளத்துல போயிட்டார்னுதான் இன்னிக்கும் சொல்றாங்க." பிறகு, கேள்விகளைச் சரிபார்க்கும் குழுவில் அனுபவப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி, இதுவரை யாரும் கிடைக்கவில்லை, நீங்கள் வர முடியுமா என்று கேட்டாள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஆறு வருஷமா நான் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். நீங்க போயி காலேஜ்ல மைக்கப் புடிச்சுப் பேசப் போறீங்களா?"

"மைக்கெல்லாம் இல்ல. நாலு பேர் உக்காந்து பேசுறது. பேர் எங்கயும் வராது."

"அந்தக் காலேஜ்ல படிக்கிற பசங்கதான் உங்க கடைக்கு வர்றாங்க."

"தப்பா கேக்குறாங்க," என்றேன். "தப்பா கேட்டா தப்பாதான் பதில் வரும். அத வச்சு ஒருத்தன் தேறிட்டான்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் மாவை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினாள். "போயிட்டு வாங்க. ஆனா என்கிட்ட வந்து கதை சொல்லாதீங்க," என்றாள்.

குழுக் கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. அந்தப் பெண்ணின் வழிகாட்டியான பேராசிரியர், ஒரு மனநல மருத்துவர், வாக்கியங்களை மொழிபெயர்த்த தமிழாசிரியர், நான். பேராசிரியர் கறாரான மனிதர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். முறை என்ன என்று எனக்காக முதலிலிருந்து விளக்கினார். தமிழில் எழுதியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப இங்கிலீஷில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி. அந்த வேலை முடிந்துவிட்டது, பெரும்பாலும் ஒத்துப்போயிருந்தது.

நான் 'வேட்கை'யைப் பிடித்துக்கொண்டேன். தமிழாசிரியர் அது நல்ல தமிழ்ச் சொல் என்றார். நல்ல சொல்தான், ஆனால் அதைச் சொல்லும் வாய் அந்த இல்லத்தில் ஒன்றுகூட இல்லை என்றேன். அது வரும் எல்லா வாக்கியத்திலும் 'குடி இழுப்பு' என்று போடலாம் என்றேன். பேராசிரியர் தயங்கினார். நான் விடவில்லை. மேஜையைக்கூட ஒரு தடவை தட்டிவிட்டேன் என்று ஞாபகம். கடைசியில், "சரி, அனுபவப்பட்டவர் சொல்றார். போட்டுப் பாப்போம்," என்றார். வேறு ஒன்பது வாக்கியங்களும் மாறின. இருபத்து மூன்றாவது கேள்வியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, எனக்கும்தான். 'என் குடும்பத்தினர் என் மீது நம்பிக்கை வைத்துள்ளனர்.' அதில் என்ன தப்பு இருக்க முடியும்?

பஸ்ஸில் வரும்போது வண்டலூர் தாண்டும்வரை எனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் ஒரு கால்புள்ளிக்காகச் சண்டை போட்ட ஆள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்த கட்டம் அந்தத் தாளை உரியவர்களிடம் கொடுத்துப் பார்ப்பது. அவள் அனுமதி வாங்கியிருந்தது நான் இருந்த அதே இல்லத்தில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அதே ஹால், அதே நீல நாற்காலிகள், சாம்பாரும் ஃபினாயிலும் கலந்த அதே வாசனை. சுவரில் பெயிண்ட் மட்டும் புதிது.

ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து வாக்கியத்தைப் படித்து, எண்ணைக் குறித்துவிட்டு, தனக்கு என்ன புரிந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டினேன். முதலில் வந்தவர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெயிண்டர். நாற்பது வயது இருக்கும். சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"எனக்குக் குடி இழுப்பு வருகிறது," என்று படித்தேன்.

"இழுப்பா? அது ஒரே தபாதான் சார் வந்துது. இங்க வந்த மூணா நாளு. கையி காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துகினு, வாயில நொரையாம். எனுக்கு ஒன்னும் தெர்ல. டாக்டரு ஊசி போட்டாரு, நின்னுபோச்சு. இப்போ இல்ல. ஒன்னு போட்டுக்கோ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

அடுத்தவர் சின்ன வயதிலிருந்தே தனக்கு இழுப்பு உண்டு, தூசி பட்டால் மூச்சு வாங்கும் என்று சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். அதற்கு அடுத்தவரும் வலிப்பையே சொன்னார். பாதிப் பேர் என் வார்த்தையை நோயாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் அந்த இடத்தில் மூன்று மாதம் இருந்தவன். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வெட்டி இழுத்ததைக் கண்ணால் பார்த்தவன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேஜையைத் தட்டியது ஞாபகம் வந்து காது சுட்டது.

பெயிண்டரை மறுபடி கூப்பிட்டேன். "குடிக்கணும்னு உள்ள ஒன்னு பிடுங்குமே, அத நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"அதுவா? நாக்கு நமநமங்கும் சார். மனசு போட்டு இழுக்கும். அந்த நேரத்துல யாரு இன்னா சொன்னாலும் காதுல ஏறாது."

மனசு போட்டு இழுக்கும். 'மனசு' முன்னால் வந்துவிட்டால் யாரும் வலிப்பு என்று நினைக்க மாட்டார்கள். எழுதிக்கொண்டேன்.

மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் இருபத்து மூன்றாவதைக் கவனித்தேன். எல்லோரும் ஐந்து. ஒன்பது நாள் ஆனவர் ஐந்து. இரண்டாவது முறை சேர்ந்தவர் ஐந்து. மூன்று மாதமாக வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்காத ஒருவர்கூட ஐந்து போட்டிருந்தார்.

பெயிண்டர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமே கேட்டேன்.

"நம்பிக்க வெச்சிதானே சார் இங்க இட்டாந்து வுட்டுக்கிறாங்கோ? இல்லாங்காட்டி ரோட்லயே கெடக்கட்டும்னு வுட்டிருப்பா. நான் தேறி வந்துருவேன்னு அம்மனுக்கு வேண்டிகினு கீறா எம் பொண்டாட்டி."

"இப்போ நீங்க வீட்டுக்குப் போனா பீரோ சாவிய உங்ககிட்ட தருவாங்களா?"

அவர் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். "சாவியா? அத தாலிக் கயித்துல கோத்துகினு கீறா சார். என்னிய போய் எவ நம்புவா?"

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இருவரும் பேராசிரியரைப் பார்க்கப் போனோம். அவள் விஷயத்தைச் சொன்னாள். திரும்ப இங்கிலீஷில் எழுதப்பட்டிருந்த தாளை அவர் புரட்டினார்.

"டிரஸ்ட்டுன்னுதானே திரும்பி வந்திருக்கு? மூலத்துலயும் டிரஸ்ட். இதுல என்ன பிரச்சனை?"

"இங்கிலீஷுக்குத் திரும்பிப் போகும்போது சரியாதான் போகுது சார்," என்றேன். "தமிழ்ல நிக்கும்போதுதான் தப்பாயிடுது. இவன் தேறிடுவான்னு ஒரு நம்பிக்கை, இவனை நம்பலாம்னு ஒரு நம்பிக்கை. ரெண்டுக்கும் நமக்கு ஒரே வார்த்தை. அவங்க எல்லாரும் முதல் அர்த்தத்துக்குப் பதில் சொல்லியிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவ இழுப்புன்னு அடம் பிடிச்சதும் நீங்கதான்."

"ஆமா சார். அது தப்பு. முதல்ல அதை எடுத்துடுங்க. நான்தான் சொன்னேன், நானே தப்புன்னு சொல்றேன். ஆனா இது தப்பில்ல."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, வரிகளை இஷ்டத்துக்கு மாற்றினால் அது வேறு கேள்வித்தாள் ஆகிவிடும் என்றும், அர்த்தம் மாறாத ஒரு வாக்கியம் கொண்டு வந்தால், மூலத்தை உருவாக்கியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, மறுபடியும் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வதாகவும் சொன்னார். கெடு ஒரு மாதம்.

ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் முகம் வாடியிருந்தது. ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தாள். இன்னொரு முறை கிடைக்காது.

"நாற்பத்து ரெண்டுல ஒன்னுதானே சார். விட்டுடலாமா?"

"விடக் கூடாதும்மா. ஒன்பது நாள் ஆன ஆளும் அஞ்சு, ஆறு வருஷம் ஆன நானும் அஞ்சுன்னா அந்தக் கேள்வி எதுக்கு?"

பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்து, டிக்கெட் எடுத்த பிறகு, "சம்மதம் கேட்டு அனுப்புற மெயிலை இன்னிக்கே டிராஃப்ட் பண்ணிடறேன்," என்றாள்.

வாக்கியம்தான் வரவில்லை. ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தேன். 'என்னை நம்புகிறார்கள்' என்றாலும் அதே கதைதான். 'நம்பகமானவன்' என்று எழுதினால் வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கதை சொல்லாதீர்கள் என்று சொன்னவளிடம் கதை சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டேன்.

"நீ என்மேல நம்பிக்கை வச்சிருக்கியா?"

"காலங்காத்தால என்ன இது?"

"சொல்லேன்."

"எப்பவும் வச்சிருந்தேன். இல்லன்னா ஆட்டோவுல ஏத்தியிருப்பேனா?"

பெயிண்டர் சொன்ன அதே பதில். "அப்போ என்னை நம்பினியா?" என்றேன்.

"நம்பலையே," என்றாள், சிவப்புப் பேனாவை நிறுத்தாமல். சொன்ன பிறகுதான் பேனா நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்ட மாதிரி நிமிர்ந்தாள்.

"எப்ப நம்ப ஆரம்பிச்ச?"

அவள் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நீங்க கடையிலேருந்து வந்ததும் வாசல்லயே வந்து பைய வாங்குவேன்ல?"

"ஆமா."

"பைக்காகவா வந்தேன்? கிட்ட வந்து மோந்து பாக்கத்தான்."

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே அன்பு என்று நான் நினைத்திருந்தது அதுதான். இல்லத்திலிருந்து வந்த புதிதில், நாள் முழுக்கத் தெருவில் தலைகுனிந்து நடந்துவிட்டு வந்தால், ஒருத்தி வாசலுக்கு வந்து பையை வாங்குகிறாள் என்பதை நினைத்தே பல நாள் வீட்டுக்கு நேராக வந்திருக்கிறேன்.

"எத்தனை நாள்?"

"நாலு வருஷம் இருக்கும்."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். துணி காயும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தாலும் அதற்கு எனக்கு என்ன உரிமை? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"எப்ப விட்ட?"

"நானா விடல. ஒரு நாள் ஏதோ நோட்டு திருத்திக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து, குளிச்சு, சாப்பிடவும் உக்காந்துட்டீங்க. பை வாசல்லயே கெடக்கு. நான் எழுந்தே வரலன்னு அப்பதான் உறைச்சுது." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு நான் பாத்ரூம்ல போயி அழுதேன். உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

மேஜையில் இருந்த ஒரு பழைய தாளைத் திருப்பி எழுதினேன். 'நான் வீட்டுக்கு வரத் தாமதமானால், குடித்திருப்பேனோ என்று என் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள்.' இதற்கு ஐந்து போடுகிறவன் நம்பப்படாதவன், ஒன்று போடுகிறவன் நம்பப்படுகிறவன். கணக்கிடும்போது திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனாவால் கடைசிச் சொல்லை அடித்தாள்.

"சந்தேகப்படுறாங்கன்னா பொம்பள விஷயம்னு நினைச்சுப்பாங்க. அதோட, அது சந்தேகமே இல்ல. பயம். பயப்படுறாங்கன்னு போடுங்க."

அப்படியே போட்டேன்.

அந்தப் பெண் வாக்கியத்தை இங்கிலீஷில் விளக்கி, ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். பத்து நாளுக்கு மேல் பதில் இல்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, "இன்னும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு ரயில் பிடிப்பாள். நான் மீதி வாக்கியங்களை அதற்குள் மறுபடி மறுபடி படித்து, நீளமானவற்றை உடைத்தேன். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சம்மதம் வந்தது. மாற்றத்தைக் காரணத்தோடு ஆய்வறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. போனில் அவள் படித்துக் காட்டியபோது பின்னால் பல்லாவரம் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது.

மறுநாளே இல்லத்துக்குப் போனோம். பெயிண்டர் இன்னும் அங்கேதான் இருந்தார். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு அவரையும் உட்காரச் சொன்னோம். 'குடிக்கச் சொல்லி மனசு என்னைப் போட்டு இழுக்கிறது' என்பதற்குத் தயங்காமல் நாலு போட்டார். இருபத்து மூன்றாவதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத யாரு சார் எழுதினது?"

"ஏன்? புரியலையா?"

"புரியுது. நல்லாவே புரியுது." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "நான் லேட்டானா எம் பொண்டாட்டி தெருமொனைல வந்து நின்னுகினு இருப்பா சார். நான் நடக்கிறத பாத்தே கண்டுபுடிச்சிருவா. இது எப்ப சார் மாறும்?"

"எனக்கு நாலு வருஷம் ஆச்சு," என்றேன். கேள்வித்தாளோடு அந்த இல்லத்துக்கு வர ஆரம்பித்த பிறகு, அங்கே இருப்பவர்களிடம் என்னைப் பற்றி நான் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா?" என்றார். பிறகு பேனாவை எடுத்து ஐந்தாவது வட்டத்தை அழுத்தி நிரப்பினார்.

அன்று எல்லோரும் ஐந்து போடவில்லை. தனியாக வாழும் ஒருவர், பயப்பட ஆள் இல்லை என்று ஒன்றைக் குறித்தார். அவரைப் போன்றவர்களுக்கு என்ன செய்வது என்று அந்தப் பெண்ணும் நானும் அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, 'எனக்குப் பொருந்தாத கேள்வி' என்று ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம். பேராசிரியர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி," என்றார். பிறகு என்னிடம், "அந்த வரி எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல கேட்டேன் சார்."

அந்த மாணவியின் வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றியுரையில் 'அனுபவ உறுப்பினர் ஒருவர்' என்று பேரில்லாமல் ஒரு வரி இருந்தது. அதை அடித்துக் கொடுத்தவனும் நானே. அவள் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மாமாவைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள்.

இல்லத்தில் அந்தத் தாளைத் தொடர்ந்து பயன்படுத்த ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வாரம் ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டார்கள். வியாழக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை என்று முடிவாயிற்று. முதல் இரண்டு வாரம் ஷட்டரில் 'வெளி வேலை' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். மூன்றாவது வாரம் அப்படி எழுதக் கை வரவில்லை. இல்லத்தில் போய் உண்மையைச் சொல்லு என்று மற்றவர்களிடம் கேட்டுவிட்டு, சந்துக்குத் திரும்பி வந்து நான் ஒளிந்துகொள்வது சரியாகப் படவில்லை.

மனைவியிடம் கேட்டேன். "டீக்கடைக்காரர் எங்க போறீங்கன்னு கேக்குறார். சொல்லிடட்டா?"

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "சொல்லுங்க. ஆனா அல்சர்னு எத்தனை வீட்டுல சொல்லி வச்சிருக்கீங்களோ, அங்கெல்லாம் நீங்களே போயி மாத்திச் சொல்லணும். நான் வர மாட்டேன்."

வியாழக்கிழமை ஷட்டரை இறக்கும்போது டீக்கடைக்காரர் கிளாஸை அலசிக்கொண்டே கேட்டார், "இன்னாண்ணா, இன்னிக்கும் வெளி வேலையா?"

"கிழக்குத் தாம்பரத்துல குடிய விடுறவங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு. அங்க போறேன். நான் அங்க இருந்து விட்டவன்தான். ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவர் கை ஒரு கணம் தண்ணீருக்குள் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

"அப்படியாண்ணா? நல்ல விஷயம்தான்," என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அஞ்சரைக்கெல்லாம் வந்துருவீங்கல்ல? பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்ச, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும்."

"அஞ்சே காலுக்கே வந்துடுறேன்," என்றேன்.

பூட்டைப் பூட்டி ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கேள்வித்தாள்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டு ரயில்வே சுரங்கப்பாதை வழியாகக் கிழக்குப் பக்கம் நடந்தேன்.